மை எழுதும் குறிப்புகளில் கண் எங்கே?

ஓசூரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளுக்குக் காலை ஷிப்டுப் பேருந்துகள் விடியும் முன்பே புறப்பட்டுவிடுகின்றன. தமிழகத்தின் பல மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள் அவற்றில் ஏறிச் செல்கிறார்கள். 1980-களில் இங்கே கடிகாரத் தொழிற்சாலை அமைந்த காலம் முதலே நுண்ணிய வேலைகளில் பெண்கள் ஈடுபட்டு வருகிறார்கள். இன்று கைபேசி உறுப்புகள் செய்வது வரை அந்த வேலை வளர்ந்திருக்கிறது.

நுண்மின்னணுச் சில்லுகள், ஊசி மருந்துகள், நுட்பமான கருவிகள் ஆகியவற்றைச் செய்யும் தொழில்களில் 'தூய அறை' என்றோர் ஏற்பாடு உண்டு. அந்த அறைக்குள் செல்பவர் கண் மை, மஸ்காரா, முகப்பவுடர் எதையும் அணிந்திருக்கக் கூடாது என்பது உலகெங்கும் பரவலாகக் கைக்கொள்ளப்படும் நடைமுறை. ஏன் இந்தக் கண்டிப்பு? சாதாரண அறைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு, அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் பருமனுள்ள துகள்கள் இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் மிதக்கின்றன. (ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஐ.எஸ்.ஓ. தர அளவில் ஐந்தாம் வகுப்புத் தூய அறையிலோ அவை 3,520-ஐத் தாண்டக் கூடாது. கண் ஒப்பனைப் பொருள்களில் உள்ள இரும்பு ஆக்சைடு, மைக்கா, டால்க் போன்ற பொடிகள் நாம் இமைக்கும்போதும் முகத்தைத் தொடும்போதும் சிறிது சிறிதாக உதிர்கின்றன. அவற்றில் ஒன்று சில்லின் மேல் விழுந்தாலும் அந்தச் சில்லு பாழாகலாம்.

சில்லின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறோம். அதே துகள், அது உதிரும் இடத்துக்கு ஒரு மயிரிழை தூரத்தில் இருக்கும் கண்ணின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? பெண்களுக்கென வெளிவரும் கண் ஒப்பனைக் குறிப்புகளை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் கண்ணுக்குத் தவறு?

'ஆசியப் பெண்களுக்கான கண் ஒப்பனை: செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்' என்னும் வகையிலான குறிப்புகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை சொல்லும் தவறுகள் எவை? கோடு நேராக அமையாதது ஒரு தவறு. இரு கண்களிலும் மை ஒத்திராதது இன்னொரு தவறு. சிறிய கண்ணைச் சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டு மேலும் சிறியதாகக் காட்டுவது, புருவத்தை அளவுக்கு மீறி மெலிதாக்குவது, இமைப் பூச்சின் நிறம் உடைக்குப் பொருந்தாதது என்று பட்டியல் நீளும்.

இவை அனைத்தும் பார்ப்பவர் கண்ணுக்குத் தவறுகள். அணிபவர் கண்ணுக்கு எது தவறு என்பது பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அழகுக் குறிப்பு எழுதுபவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் அடுப்பைப் பற்றி எழுதுபவர் தீயைப் பற்றி ஒரு வரியாவது எழுதத்தானே வேண்டும்?

'ஆசியக் கண்' என்று ஒன்று உண்டா?

முதலில் தலைப்பிலேயே ஒரு பிழை இருக்கிறது. ஆசியா ஒரு முகம் அன்று. சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் பலருக்கு மேலிமையில் மடிப்புக் கோடு இருப்பதில்லை. இமையைத் தூக்கும் தசையின் நார்கள் இமைத் தோலோடு இணையும் விதமும், அங்குள்ள கொழுப்புத் திசு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுமே இதற்குக் காரணம். அத்தகைய இமைக்காக எழுந்தவையே 'கண்ணைத் திறந்தால் கோடு மறைந்துவிடும், ஆகவே தடிப்பாக வரையுங்கள்' என்பதும், 'நாடா ஒட்டி மடிப்பு உண்டாக்குங்கள்' என்பதும்.

தமிழகத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு இமை மடிப்பு இயல்பாகவே தெளிவாக உண்டு. அவர்களுக்கு இந்த அறிவுரை தேவையற்றது. நாடாவில் உள்ள பசையோ சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கக் கூடியது. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் கண்ணடிக் கருமைக்குப் பரம்பரை, ஒவ்வாமை, ஓயாது கண்ணைக் கசக்கும் பழக்கம் எனப் பல காரணங்கள் உண்டு. அதைப் பூசி மறைக்கச் சொல்லும் குறிப்புகள் பல. 'கண் அரித்தால் கசக்காதீர்கள், அரிப்பின் காரணத்தைக் கண்டறியுங்கள்' என்று சொல்லும் குறிப்புகள் அரிது.

ஓர் அறிவுரை எந்த உடலுக்காக எழுந்ததோ அந்த உடலோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். மொழி மாற்றினால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது.

இமை விளிம்பில் இருப்பது என்ன?

இக்குறிப்புகளில் அடிக்கடி வருவது 'கீழிமையின் உள்விளிம்பில் மை தீட்டுங்கள்' என்பது. கறுப்புத் தீட்டினால் கண் ஆழமாகத் தெரியும். வெண்ணிறம் தீட்டினால் பெரிதாகத் தெரியும் என்பார்கள். தோற்றத்தைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆனால் அந்த விளிம்பு வெற்றிடம் அன்று.

கண்ணாடி முன் நின்று கீழிமையை மெல்லத் தாழ்த்திப் பாருங்கள். இமைமயிர்களுக்கு உட்புறமாக, ஊசிமுனை போன்ற நுண்துளைகள் ஒரே வரிசையில் இருக்கும். அவை மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள். 17-ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோம் என்பவரின் பெயரால் வழங்குகின்றன. மேலிமையில் ஏறத்தாழ முப்பதும் கீழிமையில் இருபதுக்கு மேலும் உள்ள இச்சுரப்பிகள் ஒருவகை எண்ணெயைச் சுரக்கின்றன. அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய போர்வையாகப் பரவி, கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. கண்ணின் மேல் உள்ள கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். அதைக் காப்பது இந்த எண்ணெய்ப் போர்வையே.

இத்துளைகளின் மேல் மெழுகும் எண்ணெயும் கரியும் கலந்த பென்சிலைத் தேய்த்தால் அவை அடைபட வழியுண்டு. நாள்தோறும் தேய்த்து, இரவில் கழுவாமல் உறங்கினால் வாய்ப்பு மேலும் கூடுகிறது. கண் வறட்சி, உறுத்தல், இமைக்கட்டி ஆகியவற்றுக்குச் சுரப்பி அடைப்பு ஒரு காரணம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று, இமைமயிருக்கு வெளியே தீட்டுவதையும் உள்ளே தீட்டுவதையும் ஒப்பிட்டது. உள்ளே தீட்டியபோது ஐந்து நிமிடத்துக்குள் கண்ணீர்ப் படலத்தில் சேர்ந்த துகள்கள் 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தன. இரண்டு மணி நேரத்தில் கண்ணீர் அவற்றில் பெரும்பகுதியைக் கழுவிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கண் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் உறுப்புதான். ஆனால் காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் துகள்கள் அதில் ஒட்டித் தங்கலாம்.

இங்கேதான் தொழிற்பேட்டைப் பெண்களின் நிலையைத் தனியே எண்ண வேண்டும். நாம் இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கிறோம். திரையையோ நுண்ணோக்கியையோ உற்றுப் பார்த்து வேலை செய்யும்போது அது பாதிக்கும் கீழே குறைகிறது. இமைப்பது குறைந்தால் கண்ணீர் பரவுவதும் கழுவுவதும் குறையும். குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றும் இரவு ஷிப்டும் சேர்ந்துகொள்கின்றன. இத்தகைய வேலை செய்யும் பெண்ணுக்கு 'உள்விளிம்பில் தீட்டுங்கள்' என்ற குறிப்பு, மற்றவர்க்கு இருப்பதைவிடக் கூடுதலான சுமை.

மை வேறு, சுர்மா வேறு

ஓசூர் நான்கு மொழி புழங்கும் ஊர். கண்ணுக்கு இடும் கறுப்பைத் தமிழர் மை என்கிறோம், தெலுங்கில் காட்டுக, கன்னடத்தில் காடிகெ, உருது பேசுவோர் சுர்மாவும் இடுவர். அழகுக் குறிப்புகள் இவற்றை ஒன்றாகக் கருதிவிடுகின்றன. வேதியியல் அவ்வாறு கருதாது.

நம் பாட்டிமார் செய்த மை விளக்குப் புகைக்கரி. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய திரியை விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த செம்புத் தட்டில் படியும் கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைப்பார்கள். இதன் கறுப்பு கார்பன். சுர்மாவின் கறுப்போ மரபாகக் கலீனா என்னும் கனிமப் பொடி, அதாவது ஈய சல்பைடு. இன்று ஈயமற்ற பொருள்களாலும் சுர்மா செய்யப்படுகிறது. ஆனால் கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருப்பதை வைத்து எது எதுவென்று கண்ணால் கூறிவிட முடியாது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈயத்தின் அணு எடை 207. கந்தகத்தின் அணு எடை 32. இரண்டும் சேர்ந்த 239-இல் 207 என்பது ஏறத்தாழ 87 விழுக்காடு. அதாவது தூய கலீனாவில் நூறு கிராமுக்கு 87 கிராம் ஈயமே. 2011-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆறு மாதக் குழந்தை ஒன்றின் குருதியில் ஈயம் மிகுந்திருப்பது தெரியவந்தது. நைஜீரியாவிலிருந்து வந்த 'டீரோ' என்னும் கண் மையைப் பெற்றோர் அதற்கு இட்டு வந்தனர். சோதித்ததில் அந்த மையின் எடையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஈயம். நம் கணக்கோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய முழுக்கக் கலீனாப் பொடியே என்பது விளங்கும்.

ஈயம் கண் வழியாக மட்டும் செல்வதில்லை. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கிறது. கண்ணீர் மூக்கின் வழியே தொண்டைக்கு இறங்குகிறது. வளரும் மூளையை ஈயம் பாதிக்கும். குருதியில் இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. நிறத்துக்காக ஈயச் சேர்மங்களை ஒப்பனைப் பொருளில் சேர்க்கத் தடை உண்டு. சேர்க்கப்படும் செயற்கை நிறமியில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. உறையில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், உரிம எண், எந்நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது ஆகியவை இருக்க வேண்டும். பேருந்து நிலையத்துப் பேன்சி ஸ்டோரிலும் வாரச் சந்தையிலும் உறையற்று விற்கும் டப்பிகளில் இவை இருக்குமா? 'விலை குறைந்த மையும் போதும், கைத்திறன்தான் முக்கியம்' என்று எழுதும் குறிப்பு, உறையில் எதைப் படிக்க வேண்டும் என்பதையும் எழுதினால் அல்லவா ஏழைப் பெண்ணுக்கு உண்மையில் உதவும்?

'காலங்காலமாக இட்டதுதானே?'

இக்குறிப்புகளுக்கு ஆதரவாக ஒரு வாதம் எழும். சங்கப் பாடல்களிலேயே மை தீட்டிய கண் பேசப்படுகிறது. எகிப்தியர் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீட்டினர். தீங்கென்றால் இத்தனை காலம் நிலைத்திருக்குமா என்பார்கள். கூடவே 2010-இல் பிரெஞ்சு அறிவியலாளர் வெளியிட்ட ஆய்வையும் காட்டுவார்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்திய ஒப்பனைப் பொடிகளில் சில ஈயச் சேர்மங்கள் இருந்தன. அவற்றின் மிக நுண்ணிய அளவு தோல் செல்களில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தூண்டியது. அது நோய்க்கிருமிகளை எதிர்க்க உதவியிருக்கலாம் என்றனர்.

இந்த ஆய்வு சுவையானது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் செல்களின் மீது செய்த சோதனை. நாள்தோறும் ஈய மை இட்டுக்கொள்பவரின் குருதியை அது சோதிக்கவில்லை. நுண்ணிய அளவு ஒரு நன்மை செய்தது என்பதிலிருந்து, டப்பி நிறைய இருப்பது நல்லது என்று முடிவு கட்ட இயலாது. நீண்டகால வழக்கம் என்பது, அதன் தீங்கு உடனே தெரியவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. ஈயத்தின் தீங்கு மெல்ல வருவது. அதனாலேயே அது தப்பித்து வந்திருக்கிறது.

வீட்டில் செய்த கரி மையில் ஈயம் இல்லை என்பதாலேயே அதை முற்றிலும் தூயது என்று சொல்லவும் இயலாது. புகைக்கரியோடு எரிந்தும் எரியாத சேர்மங்களும் வருகின்றன. விரலால் தொட்டெடுத்துப் பல நாள் வைத்திருக்கும் மையில் நுண்ணுயிர்கள் சேர்கின்றன. பிறந்த குழந்தைகளில் சிலருக்குக் கண்ணீர் வடியும் குழாய் முழுவதும் திறந்திருக்காது. அக்கண்ணில் மை தேங்குவது நன்றன்று. குழந்தையின் கண்ணில் எதுவும் இடாதீர்கள் என்று மருத்துவர்கள் கூறுவது இதனால்தான். திருஷ்டி கழிய வேண்டுமென்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தாலும் பாட்டியின் மனம் ஆறும். அதுவும் ஈயமற்ற கரி மையாக இருக்கட்டும்.

ஒரு பென்சில், ஆறு பேர்

விடுதியில் ஓர் அறையில் ஐந்தாறு பெண்கள் தங்குவார்கள். ஒரு காஜல் பென்சிலும் ஒரு மஸ்காராவும் அறைக்கே பொது. இது சிக்கனம், தோழமையும்கூட. ஆனால் அழகுக் குறிப்புகள் எழுப்பத் தவறும் மிகப் பெரிய எச்சரிக்கை இங்கேதான் தேவை. மெட்ராஸ் ஐ வந்த ஒருவரின் கண்ணைத் தொட்ட பென்சில், அடுத்தவர் கண்ணுக்கு அதைக் கொண்டு செல்ல வல்லது.

மஸ்காரா குழல் ஈரமும் இருளும் உள்ள சிறு கூடம். தூரிகையை உள்ளே விட்டு எடுக்கும்தோறும் இமையில் உள்ள நுண்ணுயிர்கள் உள்ளே செல்கின்றன. புதிதில் தடுப்புப் பொருள் அவற்றைக் கொல்லும். நாளாக ஆக அதன் ஆற்றல் குறையும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970-களில் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா கலந்த மஸ்காராவின் தூரிகை கார்னியாவைக் கீறியபோது, அங்கே புண் உண்டானது. கார்னியா என்பது கண்ணின் முன்னுள்ள ஒளிபுகும் படலம். அதில் புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் கண் ஒப்பனைப் பொருளை வைத்திருக்க வேண்டாம் என்று கண் மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை இதுவே. உலர்ந்த மஸ்காராவில் தண்ணீரோ எச்சிலோ விட்டு இளக்குவது கிருமிக்கு விருந்து வைப்பதாகும். ஓடும் பேருந்தில் தீட்டுவதோ கார்னியாவைக் கீறிக்கொள்ள நேர் வழி.

இன்னொன்றும் உண்டு. நரைக்கிடும் தலைச்சாயத்தைப் புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடும் பழக்கம். 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைமயிர்ச் சாயத்தில் பாராபினைலீன்டைஅமீன் என்னும் பொருள் இருந்தது. அதைப் பயன்படுத்திய பெண்கள் சிலர் பார்வை இழந்தனர். ஓர் உயிரும் போயிற்று. ஒப்பனைப் பொருள்களையும் கட்டுக்குள் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்கு இந்நிகழ்ச்சியும் ஒரு தூண்டுதல். அதே பொருள் இன்றும் பல தலைச்சாயங்களில் இருக்கிறது. தலைக்கென விற்பதைக் கண்ணருகே கொண்டு செல்லலாகாது.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

இக்குறிப்புகளில் நல்லவையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 'இமைத் தோலை இழுக்காதீர்கள்', 'உறங்கும் முன் மையைக் கழுவுங்கள்' என்பவை பலவற்றில் உண்டு. இரண்டும் சரியே. ஆனால் சுருக்கம் விழும், நிறம் மங்கும் என்று அங்கும் தோற்றத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். சரியான அறிவுரைக்குச் சரியான காரணத்தையும் சொன்னால், படிப்பவர் சொல்லாத இடத்திலும் தாமே முடிவெடுக்கக் கற்றுக்கொள்வார். அறிவியல் எழுத்தின் பயன் அதுதான்.

ஆகவே ஓசூர் விடுதியில் உள்ள ஒரு பெண்ணுக்காக அப்பக்கம் திருத்தி எழுதப்படுமானால், இவ்வளவாவது அதில் இருக்க வேண்டும். உறையும் உரிம எண்ணும் உள்ள மையையே வாங்குக. இமைமயிருக்கு வெளியே தீட்டுக, உள்விளிம்பை விட்டுவிடுக. கையைக் கழுவியபின் தீட்டுக. பென்சிலும் தூரிகையும் அவரவர்க்குத் தனியாக இருக்கட்டும். திறந்த நாளை அதன் மேல் குறித்து வைத்து, மூன்று மாதத்தில் எறிந்துவிடுக. லென்ஸ் அணிபவர் லென்ஸை முதலில் அணிந்து பின் மை தீட்டுக. கலைக்கும்போது லென்ஸை முதலில் எடுத்துவிடுக. நீரில் கரையாத வகையை நீரால் தேய்த்துத் தேய்த்து எடுக்க முயலாமல், அதற்குரிய எண்ணெய்ப் பசையுள்ள நீக்கியால் மெல்லத் துடைக்குக. கண் சிவந்தால் மையை நிறுத்துக. வலியும் பார்வை மங்கலும் இருந்தால் கண் மருத்துவரிடம் அன்றே செல்லுக.

மை தீட்டக் கூடாது என்பது நம் கருத்தன்று. தம் கண்ணுக்கு மை எழுதிக்கொள்வது ஒரு பெண்ணின் விருப்பம். அதில் தலையிட நமக்கு உரிமையில்லை. ஆனால் அவ்விருப்பத்துக்கு வழிகாட்ட முன்வருபவருக்கு ஒரு கடமை உண்டு. தூய அறையின் வாசலில் மையைக் கழுவச் சொல்வது சில்லைக் காப்பதற்காக. வீட்டுக் கண்ணாடியின் முன் நிற்கும் பெண்ணிடம், அவர் கண்ணைக் காப்பதற்காக அதே அக்கறையோடு யாராவது இரண்டு சொல் சொல்ல வேண்டாமா? சில்லு பாழானால் வேறு சில்லு செய்து கொள்ளலாம். கண்ணுக்கு அந்த வசதி இல்லை.